ரெண்டு உல்டா, ரெண்டு சீதா

ரெண்டு வாரமா ஆளையே காணோமேன்னு ரெண்டு பேர் விசாரிச்சிருந்தாங்க. (ரெண்டே ரெண்டு பேர்தானா? க்ர்ர்ர்ர்ர்!) எங்கேயும் போயிடலை. இங்கேதான் இருக்கேன், ரஜாய்க்குள்ள. பொங்கலுக்கு நாலு நாள் முன்னாடி மூக்குல ஆரம்பிச்சுது. அங்கேருந்து தொண்டை, தொண்டையிலேருந்து நெஞ்சு. மூணு நாள் நல்ல காய்ச்சல். அது விட்டதும் இருமல் பிடிச்சுக்கிட்டுது. வைரல்தான், பயப்பட ஒண்ணுமில்லை, வெந்நீரா குடிங்க, வெளியில மட்டும் போகாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். டில்லி ஜனவரியில வெளியில போகாதேன்னு சொல்ல டாக்டர் எதுக்கு? ஜன்னலைத் திறந்தா எதிர் பில்டிங் இருக்கா இல்லையான்னே தெரியலை. பாதி பனிமூட்டம், பாதி புகை.

தெற்கே இருக்கிறவங்களுக்கு இந்த ஊர்க் குளிரைச் சொல்லிப் புரியவைக்கிறது கஷ்டம். "அஞ்சு டிகிரிதானே, அமெரிக்காவுல மைனஸ்ல போகுதே"ம்பாங்க. அங்கே வீட்டுக்குள்ள நுழைஞ்சா கதகதன்னு இருக்கும். இங்கே வீடு கட்டினவங்க எல்லாரும் மே மாசத்தை நினைச்சுக் கட்டினவங்க. மொசைக் தரை, பெரிய ஜன்னல், சுவரைத் தொட்டா சுரீர்னும். வெளியில 12 டிகிரி இருந்தா உள்ளே 12-தான். ஒரு ரூம்ல ஒரு ஹீட்டரைப் போட்டுக்கிட்டு, அதை விட்டு எழுந்து பாத்ரூம் போறதுக்குள்ள நாலு தடவை யோசிக்கணும்.

சமையல் இந்த ரெண்டு வாரமா ரங்கமணி கையில. மிளகு ரசம் வைக்கிறேன்னு கிளம்பினார். ரசத்துல மிளகு இருந்தது, நிறையவே இருந்தது. உப்பு அடுத்த நாள் ரசத்துல இருந்தது. இருந்தாலும் மனுஷன் மூணு வேளையும் சுடச்சுட ஏதோ ஒண்ணைக் கொண்டுவந்து நீட்டினார், அதைக் குத்தம் சொன்னா எனக்கு நல்ல கதி கிடைக்காது.

லோடி அன்னிக்கு ராத்திரி கீழே எல்லாரும் சேர்ந்து நெருப்பு மூட்டி, வேர்க்கடலையும் ரேவடியும் போட்டுச் சுத்தி வந்தாங்க. நம்ம போகிக்கும் இவங்க லோடிக்கும் எப்பவும் ஒரே சமயம்தான். பால்கனிக் கதவுக்கு இந்தப் பக்கமா நின்னு கொஞ்ச நேரம் பார்த்தேன். கழுத்துல ஏதாவது சுத்திக்கலாம்னு மஃப்ளர் தேடிக் கட்டிலுக்கு அடியில இருக்கிற பெட்டியைத் திறந்தேன். அப்போதான் அந்த நீலப் பை கையில தட்டுப்பட்டுது.

அந்தப் பையைப் பத்திச் சொல்லணும்னா கொசுவத்தி சுத்தியே ஆகணும். பொறுத்துக்குங்க.

1985 டிசம்பர்ல கல்யாணமாகி மாயவரத்துலேருந்து டில்லி வந்தேன். ரங்கமணி ராஜிந்தர் நகர்ல ஒரு பர்சாத்தி எடுத்து வச்சிருந்தார். பர்சாத்தின்னா மொட்டை மாடியில ஒத்தை ரூம், ஒரு சமையல் மேடை, ஒரு குழாய். மீதியெல்லாம் ஆகாசம். மே மாசம் அடுப்பு, டிசம்பர்ல ஐஸ் பெட்டி. நான் கொண்டுவந்த தேங்காயெண்ணெய் மறுநாள் காலையில மெழுகுவத்தி மாதிரி இருந்தது. குளிருக்குன்னு என்கிட்ட இருந்தது கல்யாணத்துல யாரோ ஓதிவிட்ட ஒரு சால்வை மட்டும்தான். ஊர்ல கம்பளின்னு நான் பார்த்தது எங்க தாத்தாவோட மஃப்ளர். மார்கழி மாசம் கோயிலுக்குப் போகும்போது மட்டும் அதை வெளியே எடுப்பார்.

வீட்டுக்காரம்மா கீழே இருந்தாங்க. அக்கம்பக்கம் எல்லாருக்கும் பீஜிதான், எனக்கும் அப்படியே ஆச்சு. ராவல்பிண்டிக்காரங்க. 1947-ல 12 வயசுல குடும்பத்தோட வந்து, கிங்ஸ்வே கேம்ப்புல இருந்து, அப்புறம் ராஜிந்தர் நகருக்கு வந்தவங்க. நல்ல உயரம், நல்ல குரல். மூணாவது நாள் மாடிக்கு வந்து, சால்வையைச் சுத்திக்கிட்டு வெடவெடன்னு நின்ன என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு ஏதோ சொன்னாங்க. எனக்கு ஹிந்தியே தெரியாது, இதுல பஞ்சாபி வேற. சாயங்காலம் ரங்கமணிதான் மொழிபெயர்த்தார். "இந்த மதராஸன் இப்படியே இருந்தா மார்ச்சைப் பார்க்க மாட்டா" அப்படீன்னாங்களாம்.

மறுநாள் தன்னோட பழைய ஸ்வெட்டர் ஒண்ணை எனக்கு மாட்டிவிட்டு, அஜ்மல்கான் ரோட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போய் நேவி ப்ளூல அரைக்கிலோ கம்பளி நூலும் ரெண்டு ஜோடி ஊசியும் வாங்கிக் கொடுத்தாங்க. காசு? ரங்கமணிகிட்ட வாங்கிட்டாங்க, அதிலெல்லாம் கறார்.

ஒயர் கூடை போட்டிருக்கேன். எங்க அம்மா குரோஷா போடுவாங்க, அதுவும் கொஞ்சம் வரும். அதனால பெரிசா கஷ்டம் இருக்காதுன்னு நினைச்சேன். ஆனா இதுல ரெண்டு கையும் சும்மா இருக்கக் கூடாது, கண்ணு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் எண்ணிக்கிட்டு இருக்கணும். ஊசிக்கு சலாயி. ஊசியில இருக்கிற ஒவ்வொரு வளையத்துக்கும் ஃபந்தா. மொத்தமே ரெண்டு விதப் பின்னல், சீதா, உல்டா. அவங்க "சீதா, சீதா"ன்னு சொல்லச் சொல்ல, இந்தக் குளிர்ல சீதைக்கு இங்கே என்ன வேலைன்னு நான் முழிச்சிருக்கேன். பின்னாடி ஆட்டோக்காரர்கிட்ட நேரா போங்கன்னு சொல்ல "சீதா, சீதா"ன்னு எனக்கு வந்ததே ஸ்வெட்டர் உபயம்தான். ரெண்டு உல்டா, ரெண்டு சீதா, இப்படியே மாத்தி மாத்திப் போனா இழுத்தா விரிஞ்சு விட்டா சுருங்கற பார்டர் வரும். பார்டருக்கு 12-ஆம் நம்பர் ஊசி, உடம்புக்கு 10-ஆம் நம்பர். இதுல ஒரு கூத்து என்னன்னா நம்பர் ஏற ஏற ஊசி மெலிசாகும். யார் கண்டுபிடிச்ச கணக்கோ!

மூணு வாரம் ராப்பகலா உட்கார்ந்து, ரங்கமணியோட ஸ்வெட்டருக்கு முதுகுப் பக்கம் 14 அங்குலம் பின்னிட்டேன். பெருமையா கீழே எடுத்துக்கிட்டுப் போனேன். பீஜி அதை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாங்க. பார்டர் முடிஞ்சு எட்டாவது வரிசையில ஒரே ஒரு ஃபந்தா சீதாவுக்குப் பதிலா உல்டாவா இருந்தது. கடுகு அளவுக்கு ஒரு மேடு. "உதேடோ"ன்னாங்க. பிரின்னு அர்த்தம். நான் புரியாத மாதிரி நின்னேன். அவங்களே ஊசியை உருவிட்டு நூலைப் பிடிச்சு இழுத்தாங்க பாருங்க, சர்ர்ர்ருன்னு மூணு வார உழைப்பு மடியில நூடுல்ஸ் மாதிரி விழுந்தது.

அன்னிக்கு ராத்திரி அழுதுட்டேன். "யாருக்குத் தெரியப் போகுது?"ன்னு ரங்கமணியும் கேட்டார். மறுநாள் தெரிஞ்ச ஹிந்தியில பீஜிகிட்ட அதையே கேட்டேன். "உன் வீட்டுக்காரன் மாடிப்படி ஏறும்போது பின்னாடி வர்றது நான். தினமும் எனக்குல்ல கண்ணை உறுத்தும்!"னாங்க.

அந்த ஸ்வெட்டர் ஃபிப்ரவரி கடைசியில முடிஞ்சுது. குளிரும் முடிஞ்சுது. :))

அதுக்கப்புறம் 12 குளிர்காலம் அந்த மாடியில. வெயில் வர்ற ஒரே இடம் எங்க மாடிதான்ங்கறதால பதினோரு மணிக்கெல்லாம் கீழ்வீடு, எதிர்வீடு, பக்கத்துவீடு எல்லாரும் ஆளுக்கொரு பையோட ஏறி வந்துடுவாங்க. வேர்க்கடலை, ஆரஞ்சு, மூலி. தோலெல்லாம் ஒரு பக்கம் குவியும், ஊர் வம்பெல்லாம் இன்னொரு பக்கம். அப்போ டில்லியில எங்கே பார்த்தாலும் பின்னல்தான். பஸ்ல பின்னுவாங்க, ஆபீஸ் புல்வெளியில மத்தியான சாப்பாட்டு நேரத்துல பின்னுவாங்க. யாராவது புது டிசைன்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு முன்னாடி நடந்து போனா, பின்னாடியே போய் ஃபந்தா எண்ணுவாங்க. நானும் எண்ணியிருக்கேன், கரோல் பாக்ல, முன்பின் தெரியாத ஒரு பொண்ணோட முதுகை. அந்தப் பொண்ணு திரும்பிப் பார்த்துட்டு நின்னுக்கிச்சு, எண்ணி முடிக்கட்டும்னு.

பழைய ஸ்வெட்டரை யாரும் தூக்கிப் போட மாட்டாங்க. பிள்ளை வளர்ந்தா பிரிச்சு, அலசி, இன்னொரு நிறத்தோட சேர்த்து அடுத்ததுக்குப் பின்னுவாங்க. கேம்ப்புல இருந்த காலத்துல ஒரு பழைய ராணுவ ஸ்வெட்டரைப் பிரிச்சு, சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை ஊசியா வச்சுக்கிட்டுத் தன் தம்பிக்குப் பின்னினதுதான் முதல் பின்னல்னு பீஜி சொல்லுவாங்க. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும். அதுக்கு மேல நாங்க யாரும் கேட்டதில்லை.

நூல்ல முடிச்சுப் போட்டா பீஜிக்குப் பிடிக்காது. நூல் தீர்ந்து போனா ரெண்டு நுனியையும் இழை இழையா பிரிச்சு, ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, எச்சில் தொட்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு வேகமா உருட்டுவாங்க. சூடும் ஈரமும் சேர்ந்து ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னி ஒரே நூலாயிடும். சுத்தக் கம்பளியிலதான் இது நடக்கும், அக்ரிலிக்ல முடியாது. பீஜி பின்னின ஸ்வெட்டர்ல உள்பக்கம் திருப்பித் தேடினாலும் ஒரு முடிச்சு கிடைக்காது. இதை ஞாபகம் வச்சுக்குங்க.

1998-ல நாங்க மயூர் விஹார் வந்துட்டோம். கொஞ்சம் கொஞ்சமா பின்னலும் போச்சு. லூதியானா ரெடிமேட் ஸ்வெட்டர் மலிவா வந்தாச்சு, திபெத்தியர் கடைகள்ல போய் நின்னா அஞ்சு நிமிஷத்துல வேலை முடிஞ்சுது. என் பையனும் பத்தாவது படிக்கும்போது, "அம்மா, இது வேண்டாம், கடையில வாங்கினதே போதும்"னுட்டான். அதையும் பெட்டிக்குள்ள வச்சேன். ஆனா பீஜி விடலை. வருஷத்துக்கு ஒண்ணாவது பின்னிடுவாங்க. லோடிக்கு நாங்க ராஜிந்தர் நகர் போறதும், அவங்க புதுப் பின்னலை எடுத்துக் காட்டறதும் நடந்துக்கிட்டே இருந்தது. கடைசியா போனது 2020 லோடிக்கு. அப்புறம்தான் உங்களுக்கே தெரியுமே, யாரும் யார் வீட்டுக்கும் போக முடியலை.

2021 ஜனவரி 1-ஆம் தேதி சஃப்தர்ஜங்ல 1.1 டிகிரி. 2006 ஜனவரி 8-ல 0.2 வரைக்கும் போனதுக்கு அப்புறம் இங்கே ஜனவரியில அவ்வளவு இறங்கினதில்லை. அன்னிக்கு நான் ஃபோன் பண்ணினேன், புது வருஷம், அதோட இந்தக் குளிர்ல எப்படி இருக்காங்களோன்னு. "சப் டீக் ஹை. பின்னிக்கிட்டிருக்கேன், எனக்கென்ன"ன்னாங்க. எதுக்கு ஃபோனை வச்சுக்கிட்டே இருக்கே, போய் அடுப்பைப் பாருன்னு சொல்லி அவங்களே வச்சுட்டாங்க. எப்பவும் ஒரு மணி நேரம் பேசற ஆள். நான் அதை யோசிக்கலை.

ஏப்ரல்ல போயிட்டாங்க. 2021 ஏப்ரல் டில்லியில எப்படி இருந்ததுன்னு இங்கே இருந்தவங்களுக்குச் சொல்ல வேண்டாம். போய்ப் பார்க்க முடியலை.

ஜூலையில அவங்க பையன் வந்தார், அந்த நீலப் பையோட. "பாபிஜி, இது யாருக்குன்னு எங்களுக்குத் தெரியலை. எங்க வீட்டுல பின்னத் தெரிஞ்சவங்களும் இல்லை, பின்னினதைப் போடறவங்களும் இல்லை. தூக்கிப் போட மனசு வரலை"ன்னு கொடுத்துட்டு, டீ கூடக் குடிக்காம கிளம்பிட்டார். உள்ளே பாட்டில் க்ரீன் ஸ்வெட்டர். முதுகுப் பக்கம் முடிஞ்சிருந்தது. முன்பக்கம் பாதி, 10-ஆம் நம்பர் ஊசியில அப்படியே. ரெண்டு உருண்டை நூல் மிச்சம். எத்தனை வரிசை ஆச்சுன்னு கோடு கிழிச்ச ஒரு காகிதம்.

நாலு குளிர்காலம் அதைத் தொடலை. முடிச்சா அது என்னோட ஸ்வெட்டர் ஆயிடும். பிரிச்சா வெறும் நூல். ரெண்டும் வேண்டாம்னு பெட்டியிலேயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

இப்போ லோடி ராத்திரிக்கு வருவோம். பையைத் திறந்து பார்த்தா, அய்யோ, அந்துப்பூச்சி! தின்னறது பூச்சி இல்லை, அதோட புழுதான்னு படிச்சிருக்கேன். எதுவா இருந்தா என்ன, முதுகுப் பக்கத்துல தோள்கிட்ட ரெண்டு ஓட்டை. அந்துருண்டை போடணும், கிராம்பு வைக்கணும், வருஷத்துக்கு ஒரு தடவை வெயில்ல உதறணும்னு ஊருக்கெல்லாம் சொல்லுவேன். என் பெட்டியில நான் செய்யலை. (சுத்தக் கம்பளிதான்னு மட்டும் நிச்சயமாச்சு. அக்ரிலிக்கா இருந்தா அது சீந்தியே இருக்காது.)

விட்டா மொத்தமும் போயிடும். ராத்திரியே ஒரு பாலித்தீன் பையில போட்டு இறுக்கிக் கட்டி ஃப்ரீஸர்ல வச்சேன், புழுவும் முட்டையும் சாகட்டும்னு. ரெண்டு நாள் கழிச்சு ரங்கமணி பட்டாணின்னு நினைச்சு எடுத்துப் பிரிச்சுட்டு அலறினது தனிக் கதை.

ஓட்டை தோளுக்குக் கீழே நாலு அங்குலத்துக்குள்ள. பின்னினது எப்பவும் முடிச்ச பக்கத்துலேருந்துதான் சுலபமா பிரியும். அதனால மேலேருந்து நாலு அங்குலத்தைப் பிரிச்சு, அந்த நூலையே சரி பண்ணி மறுபடி பின்னிடலாம்னு முடிவு பண்ணினேன். காய்ச்சல் விட்டு அஞ்சாவது நாள், ஹீட்டர் பக்கத்துல ரஜாயைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்தேன். கையில தெம்பே இல்லை. பீஜி முடிச்சு வச்ச கடைசி ஃபந்தாவைக் கத்திரிச்சு இழுத்தேன்.

நாலாவது வரிசையில நூல் நின்னுது. பார்த்தா ஒரு முடிச்சு.

முதல்ல பூச்சி வேலையோன்னு நினைச்சேன். பூச்சி முடிச்சா போடும்? வரிசை நடுவுல, நம்ம புடவைத் தலைப்புல காசு முடியற மாதிரி ஒரு குண்டு முடிச்சு. அவிழ்த்துட்டு மேலே பிரிச்சேன். ஆறு வரிசை கழிச்சு இன்னொண்ணு. அதுக்கப்புறம் ஒரு இடத்துல ஃபந்தா நழுவி, ரெண்டு வரிசை கழிச்சு முறுக்கிப் பிடிச்சிருந்தது. சீதா வர வேண்டிய இடத்துல ரெண்டு உல்டா, ஒண்ணு பக்கத்துல ஒண்ணு. நாலு அங்குலத்துல மூணு முடிச்சு. ஒரே ஒரு உல்டாவுக்காக என்னோட மூணு வாரத்தை உருவிப் போட்ட பீஜி!

பிரிக்கறதை நிறுத்திட்டு முன்பக்கத்தை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சேன். அவங்க பார்த்த மாதிரியே. முன்பக்கத்துல ரெண்டு பக்கமும் ஜடை மாதிரி டிசைன். எட்டு வரிசைக்கு ஒரு தடவை ஃபந்தாவை மாத்திப் போட்டாதான் ஜடை முறுக்கு வரும். கீழே எல்லாம் அளந்து வச்ச மாதிரி எட்டு, எட்டு, எட்டு. மார்பு உயரம் வர வர பத்து, ஆறு, பதினொண்ணு. ஒரு இடத்துல முறுக்கே எதிர்ப்பக்கமா திரும்பியிருக்கு. கோடு கிழிச்ச காகிதத்தையும் எடுத்தேன். மேலே கோடெல்லாம் நேரா. கீழே ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, எங்கே எண்ணினாங்க எங்கே விட்டாங்கன்னே தெரியலை.

கண்ணு தெரியலையா, கை நடுங்கித்தா, இல்லை எண்ணிக்கைதான் மனசுல நிக்கலையா? பையனுக்கு ஃபோன் பண்ணிக் கேட்கலாம். கேட்டு என்ன பண்ணறது? "சப் டீக் ஹை"ன்னு சொன்ன அந்த ஜனவரியில எதுவும் டீக் இல்லை. அது அவங்க வாயால எனக்கு வரலை, அஞ்சு வருஷம் கழிச்சு இந்த நூல் வழியா வருது. அவங்க பிரிக்காம விட்டதுதான் எனக்குத் தாங்கலை. தப்பு கண்ணுல படலையா, இல்லை பட்டும் பிரிக்கத் தெம்பு இல்லையா?

அன்னிக்கு அதோட எடுத்து வச்சுட்டேன். ராத்திரி நல்ல இருமல்.

மறுநாளும் பனிமூட்டம். வேற வேலையும் இல்லை. பிரிச்ச நூல் சுருள் சுருளா மேகி மாதிரி இருந்தது, அப்படியே பின்னினா வரிசை எல்லாம் கோணலா வரும். ஆவியில காட்டினா கம்பளி தானா நிமிர்ந்துடும். (அக்ரிலிக்கா இருந்தா காட்டாதீங்க, துவண்டு போய் உயிரே இல்லாம தொங்கும்.) எனக்கும் ஆவி பிடிக்கணும். ரங்கமணி பாத்திரத்துல தண்ணியைக் கொதிக்க வச்சு, ஓமம் போட்டுக் கொண்டுவந்தார். நான் ஒரு சல்லடையில நூலைப் பரப்பிக்கிட்டுத் தயாரா உட்கார்ந்திருந்தேன். பார்த்துட்டு, "இது மூக்குக்கா, நூலுக்கா?"ன்னார். முதல்ல எனக்கு, அப்புறம் நூலுக்கு. ரெண்டு பேருக்கும் கொஞ்சம் பரவாயில்லை. நூல்ல மட்டும் ஓம வாசனை இன்னும் போகலை.

பூச்சி அறுத்த துண்டையெல்லாம் உருட்டி ஒட்டினேன். ஜலதோஷக்காரி எச்சில் வேண்டாம்னு வெந்நீர்தான் தொட்டுக்கிட்டேன்.

அடுத்த சிக்கல், கை. பீஜிக்குத் தளர்ந்த கை, எனக்கு இறுக்கம். ஒயர் கூடை போட்ட விரல் இல்லையா! அதே நூல், அதே 10-ஆம் நம்பர் ஊசி. அவங்க பின்னினா ஒரு அங்குலத்துக்கு 6 ஃபந்தா, நான் பின்னினா 7. தோள் பக்கம் 96 ஃபந்தா இருக்கு. அவங்க கையில அது 16 அங்குலம், என் கையில 14 கூட வராது. அப்படியே விட்டா போடறவர் தோளைக் குறுக்கிக்கிட்டுதான் நடக்கணும். 9-ஆம் நம்பர் ஊசிக்கு மாறினேன். கொஞ்சம் சரியாச்சு. ஆனா காலையில பின்னின வரிசை ஒரு மாதிரி, சாயங்காலம் உடம்பு லேசா கணகணன்னு ஆகும்போது பின்னினது ஒரு மாதிரி, தொளதொளன்னு. முதுகை விரிச்சு வச்சா, என்னிக்கு எனக்கு ஜுரம் திரும்பி எட்டிப் பார்த்ததுன்னு தெரியுது. அந்த அஞ்சு வரிசையைப் பிரிக்கலாமான்னு யோசிச்சேன். பிரிக்கலை.

முதுகு முடிஞ்சு போச்சு. முன்பக்கத்துல என்ன பண்ணறதுன்னுதான் ரெண்டு நாள் ஓடித்து. அங்கே ஓட்டை எதுவும் இல்லை, பிரிக்கக் காரணமும் இல்லை, தப்பைத் தவிர. பீஜியா இருந்தா ஒரு நிமிஷம் யோசிக்க மாட்டாங்க, "உதேடோ". நான் அவங்க சிஷ்யைதான், ஆனா கடைசி வரைக்கும் அரைகுறை சிஷ்யை. எதிர்ப்பக்கம் திரும்பின ஜடை அப்படியே இருக்கட்டும். பின்னாடி மாடிப்படி ஏறி வர இப்போ யாரும் இல்லை, நாங்க லிஃப்ட்டுல போறோம்.

அவங்க வரிசை நடுவுல நிறுத்தியிருந்தாங்க. எந்தப் பக்கம் போகணும்னு எனக்கு ஒரு நிமிஷம் புரியலை. நூல் எந்த ஊசியிலேருந்து தொங்குதோ அது வலது கைக்குன்னு அவங்க சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. எடுத்துக்கிட்டேன். 10-ஆம் நம்பரை உருவிட்டு 9 போடணும்னா அந்த வரிசையை முடிச்சாகணும். அதனால அந்த ஒரு வரிசை மட்டும் பாதி அவங்க, பாதி நான், ஒரே ஊசியில. உத்துப் பார்த்தா எந்த இடம்னு தெரியும். ரங்கமணிகிட்ட காட்டினேன், அவருக்குத் தெரியலை.

இது யாருக்குன்னு தெரியாதுன்னு சொன்னேனே, பையனுக்கு வீடியோவில காட்டினேன். "பெங்களூர்ல இதைப் போட்டா வெந்துடுவேன்மா, ஆனா கலர் சூப்பர்"ன்னான். ரங்கமணி பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தப்போ முதுகுல வச்சு அளந்து பார்த்தேன். பொருந்துது. அவருக்கா இருந்தாலும் இருக்கும், யாரு கண்டா. "என்ன பண்ணறே?"ன்னார். "அசையாதீங்க"ன்னேன்.

இருமல் இப்போ தேவலை. முன்பக்கம் இன்னும் மூணு அங்குலம் பாக்கி. அதுக்கும் கழுத்துக்கும் நூல் போதும். கைக்குப் போதாது. பையில இருந்த லேபிள்ல லாட் நம்பர் அழிஞ்சு போச்சு, அப்படியே இருந்தாலும் அத்தனை வருஷத்து சாயம் இப்போ எங்கே கிடைக்கும்? ஒரே பச்சைன்னு கடைக்காரர் சத்தியம் பண்ணுவார், வெயில்ல வச்சா ரெண்டு பச்சையா தெரியும். 1986-ல பின்னின அந்த நேவி ப்ளூ இன்னும் இருக்கு. முழங்கை தேஞ்சு போயிட்டாலும் உடம்பு நல்லா இருக்கு. அதைப் பிரிச்சு கை ரெண்டும் நீலத்துலேயே போட்டுடலாம்னு பார்க்கறேன். ரங்கமணிகிட்ட இன்னும் சொல்லலை. உங்க வீட்டுப் பெட்டியில பாட்டில் க்ரீன் சுத்தக் கம்பளி ஏதாவது தூங்கிக்கிட்டிருந்தா அதுக்குள்ள சொல்லுங்க. அப்படியே உங்க பெட்டியையும் ஒரு தடவை திறந்து உதறிடுங்க.